ஒன் டூ சாமி

புகார் சொல்ல வருகிறவர்களை நான் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். மைக் செட் வைத்திருப்பவனுக்கு அந்த வித்தை தானாக வந்துவிடும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் அப்பா ஒரு மாதிரி வருவார், கைக்குழந்தைக்காரி ஒரு மாதிரி வருவாள். வெள்ளைக்காரர்கள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வருவார்கள். அதனால் ஒரு கார்த்திகை மாதக் காலையில், திருப்பரங்குன்றத்துத் தெருப் பிள்ளையாருக்கு நான் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளைக்காரர் விறுவிறுவென்று வருவதைப் பார்த்ததும் என் கை தானாக சத்தத்தைக் குறைத்தது.

அவர் என்னிடம் வரவில்லை. வாழைமரத்தை ஒட்டி ஆள் உயரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிடம் போனார். தலையைச் சாய்த்து இடது காதை அதன் வாய்க்குப் பக்கத்தில் கொடுத்தார். பிறகு ஆள்காட்டி விரலை உயர்த்தி, குறைத்த சத்தத்தை மறுபடி கூட்டச் சொன்னார்.

"அண்ணே, ஆளு செவிடு போல" என்றார் பந்தல்காரர்.

பாதி உண்மை. வலது காது அவருக்கு அறவே கேட்காது. முப்பது வருடம் டிரம்ஸுக்கும் ஆள் உயர ஸ்பீக்கர்களுக்கும் பக்கத்தில் நின்று பாடியதில் போன காது அது. மிச்சமிருந்த இடது காதை வைத்துக்கொண்டு அவர் உலகத்தில் உள்ள சத்தத்தையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எதை நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது இடதுபக்கம் சாய்ந்த அந்தத் தலையும், 'இன்னொரு தடவை' என்று உயரும் அந்த விரலும்தான்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் போனில் தேடுவீர்கள். தேடினால் இடுப்புவரை முடியும், தோலோடு ஒட்டிய தோல் பேன்ட்டுமாக ஒரு வாலிபன் மேடையில் துள்ளுவது வரும். நான் தேடிப் பார்த்தபோது என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, இந்த மனுசனையா நான் சாப்பிட உக்கார வச்சேன்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இங்கிலாந்தில் ராக் பாட்டுக்காரர். கிட்டார் கதற, டிரம்ஸ் இடிக்க, நடுவில் நின்று தொண்டை கிழியப் பாடுகிற தொழில். நான் அறிந்த காலத்தில் அவருக்கு அறுபத்தெட்டு வயது, வெள்ளைத் தாடி, முழங்காலில் வலி.

என் கடை அவனியாபுரத்தில். விமானங்கள் தலையை உரசுவதுபோல இறங்குகிற இடம். வாரத்தில் மூன்று நாள் ஷேர் ஆட்டோவில் வந்து கடையில் உட்காருவார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னை அண்ணே என்று கூப்பிடுவதைக் கேட்டு, என்னைவிட இருபத்து மூன்று வயது மூத்தவர், அவரும் "அண்ணே" என்பார். குரல், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டின மாதிரி இருக்கும். பாடிப் பாடித் தேய்ந்ததுதான் என்று முதலில் நினைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் எழுதியிருக்கிற அளவுதான். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற என் மனைவிதான் எங்கள் இருவருக்கும் நடுவில் பாலம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இருபது வருடத் தொழிலில், மைக் 'கூ' என்று ஊளையிட்டால் நான் செய்கிற வைத்தியம் ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவது. என் அப்பாவும் அதைத்தான் செய்தார். இவர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய், ஸ்பீக்கரை மைக்கைப் பார்க்காமல் ஒரு அடி திருப்பி வைத்தார். ஊளை நின்றுவிட்டது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "இதை இம்புட்டு நாளும் எவனும் சொல்லலையே" என்று மனைவியிடம் கத்தினேன். "எல்லாரும் சொன்னாங்க. நீங்க கேக்கல" என்றாள் அவள்.

பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு பார்க்கக் கூட்டிப்போனேன். அவர் காளையைப் பார்க்கவே இல்லை. வாடிவாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மைக்கில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா காலை ஏழு மணிக்குப் பிடித்தால் சாயங்காலம் வரை விடமாட்டார். மாடு வருது, மாடு வருது, தொட்டுப்பார் தொட்டுப்பார் என்று ஒரே ஓட்டம்தான். சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைக்காரர் சித்தப்பாவை மடக்கி, நடுவில் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று என் மனைவியைக் கேட்கச் சொன்னார்.

சித்தப்பா தாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "மூச்சா? அது பாட்டுக்கு வரும், போகும் தம்பி. மாடு உள்ள நிக்கும்போது நம்ம மூச்சு வாங்கிக்கிட்டு நின்னா, மாடு போயிரும்ல."

மனைவி மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் விரலை உயர்த்தினார். சித்தப்பாவை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே அவர் குரல் அடியோடு போய்விட்டது. கூழாங்கல்லும் இல்லை, டப்பாவும் இல்லை, வெறும் காற்று. நான் சுக்கு, மிளகு என்று ஆரம்பித்தேன். மனைவி, "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் காய்ப்புக் காய்த்திருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார்.

அவருக்கு இது புதுச் செய்தி இல்லை. அவருடைய ஊர் டாக்டர்களும் முன்பே அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அங்கே படுத்தால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். பாட்டுக்காரனுக்குத் தொண்டை போனது ஊருக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. வெயில் இருக்கிற, தன்னை யாருக்கும் தெரியாத ஊராகத் தேடி வந்து, வந்த இடத்திலும் பயந்து மூன்று மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார். எதற்குப் பயம் என்று மனைவி கேட்டபோதுதான் பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. காற்றுக் குரலில் பாதி, நோட்டில் எழுதிக் காட்டியது பாதி.

அவருடைய அப்பா பஸ் கண்டக்டர். பதினாறு வயதில் மூன்று சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு குழு. இரண்டு வருடம் யாரும் சீந்தவில்லை. ஒருநாள் பாட்டுப் பதிவில் கடைசி வரியைப் பாடி முடிக்கும்போது மைக் உதட்டில் பட்டது. எர்த் சரியில்லை. சுரீரென்று ஷாக் அடித்து, உயிர் போவதுபோல ஒரு கூச்சல் போட்டார். சிநேகிதர்கள் அதை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கூச்சலுக்காகவே பாட்டு எங்கேயோ போய்விட்டது. அதற்கப்புறம் முப்பது வருடம், ஊர் ஊராக, அடிக்காத ஷாக்குக்கு அவர் தினமும் கூச்சல் போட வேண்டியிருந்தது. ஜனங்கள் அந்த ஒரு கூச்சலுக்காகத்தான் வந்தார்கள். அதுதான் தொண்டையைத் தின்றது.

எர்த் கம்பி சரியில்லாததால் ஒரு மனிதனுக்கு வாழ்வு வந்ததை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். எங்கள் தொழிலில் அதனால் திட்டுத்தான் வரும்.

குழு கலைந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது சிநேகிதர்கள் மறுபடி கூப்பிடுகிறார்கள். அவர்கள் ஊரில் கோடை வருகிற ஆடி மாதத்தில் ஒரே ஒரு நாள், பெரிய மைதானம். வருகிறேன், வரவில்லை என்று பங்குனிக்குள் பதில் சொல்ல வேண்டும். "மற்ற மூன்று பேருக்கும் கை இருக்கிறது. எனக்கு இருப்பது இது ஒன்று" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். எனக்குச் சங்கடமாக இருந்தது. கிட்டாருக்குக் கம்பி அறுந்தால் கடையில் வாங்கிவிடலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருபத்தொரு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டரம்மா. மனைவி பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டும் பலப்பமும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதில் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். வெயிலுக்கு வேட்டிதான் சுகமாக இருக்கிறது என்று வேட்டி கட்டினார். முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் விடிந்ததும் திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி நடந்தார்.

இனி நடந்ததை ஊகிக்க உங்களுக்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. வெள்ளைத் தாடி, வேட்டி, வாயைத் திறக்காமல் தினமும் கிரிவலம். அவர் மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா சௌராஷ்டிரக்காரர், பரம பக்தை. முதல் நாளே அவரிடம், ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறார். இவர் தொண்டையைத் தொட்டு, சிலேட்டில் இருபத்தொன்று என்று எழுதிக் காட்டி, மன்னிக்கும்படி கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அவர் கும்பிட்டு நின்ற திசையில் மலை இருந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம். எட்டாம் நாள் எலுமிச்சை, சூடம். பத்தாம் நாள் ஓர் ஆட்டோக்காரர், சாமி சிலேட்டைத் துடைத்த துணியை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு போனார். தன்னைத் தெரியாத ஊரைத் தேடி வந்தவர், ஊரெல்லாம் அறிந்த மௌனசாமி ஆகிவிட்டார். ஆயுள் பூராவும் கத்தி வாங்கின பெயரை இங்கே கத்தாமலே வாங்கிவிட்டார். என்னிடம் வந்து சிலேட்டை நீட்டினார். 'அண்ணே, நான் சாமி இல்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள்' என்று எழுதியிருப்பதாக மனைவி படித்துச் சொன்னாள்.

நான் வீட்டுக்காரம்மாவிடம் போனேன். "அம்மா, அவரு சாமியெல்லாம் இல்ல. பாட்டுக்காரரு. தொண்டையில ஆபரேசன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. "பெரியவங்க எப்பவும் அப்படித்தான் தம்பி சொல்லுவாங்க. தன்னைக் காட்டிக்க மாட்டாங்க."

இருபத்திரண்டாம் நாள் முதல் சத்தம். டாக்டரம்மா ஐந்து நிமிடம் அனுமதித்திருந்தார். ஆஸ்பத்திரி அறையில் வேண்டாம், மைக்கில் பார்க்க வேண்டும் என்று எழுதிக் காட்டினார் அவர். பதினாறு வயதிலிருந்து தன் குரலை மைக் வழியாகத்தான் கேட்டிருக்கிறாராம். வெறும் குரல் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. 'யாரும் இல்லாத இடம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அன்று எனக்கு மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் முளைப்பாரித் திருவிழா. அறுப்பு முடிந்த வயலை ஒட்டிய பொட்டலில் செட் போட வேண்டும். காலை எட்டு மணிக்கு அங்கே காக்காயைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். சின்ன வண்டியில் ஸ்பீக்கரை ஏற்றி, முன்னால் நான், மனைவி, அவர் என்று மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் அவர் சிலேட்டை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். ஒரு தடவை மனைவி எட்டிப் பார்த்து எனக்குச் சொன்னாள். 'ஒன்றுமே வராவிட்டால்?' என்று எழுதியிருந்தாராம்.

பொட்டலில் நான்கு ஷேர் ஆட்டோ நின்றது. முதல் ஆட்டோவில் வீட்டுக்காரம்மா. சாமி இன்றைக்கு வாய் திறக்கிறார், திறந்ததும் வருகிற முதல் வாக்குப் பலிக்கும் என்று செய்தி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. கிராமத்துப் பெண்கள் முளைப்பாரி வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நூறு பேருக்குக் குறையாது.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. வண்டியை விட்டு இறங்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. செட்டை இறக்கி மைக்கை மாட்டி, என் வாழ்நாளில் முதல்முறையாக 'மைக் டெஸ்ட்டிங்' சொல்லாமல் பேச ஆரம்பித்தேன்.

"இங்க பாருங்க. இவரு சாமி இல்ல. இங்கிலாந்துல பாட்டுப் பாடுறவரு. தொண்டையில கத்தி வச்சிருக்கு. குரல் திரும்ப வருமா வராதான்னு இன்னைக்குத்தான் தெரியணும். வரலேன்னா அவரு பொழப்பு அம்புட்டுத்தான். நம்ம கூட்டம் போட்டு உக்காந்திருந்தா அந்த மனுசன் எப்படி வாயத் தொறப்பாரு? தயவுசெஞ்சு கெளம்புங்க."

ஒருவரும் கிளம்பவில்லை. முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், எச்சிலைத் துப்பிவிட்டு வந்து சொன்னார். "சாமின்னா என்ன, பாட்டுக்காரருன்னா என்ன தம்பி. தொண்டை சரியாவணும்ல. இம்புட்டு தூரம் வந்தாச்சு. பாடச் சொல்லுங்க, கேக்குறோம். வரலேன்னா நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்."

பின்னால் இருந்தவர்களும், "ஆமா, சொல்ல மாட்டோம்" என்றார்கள்.

மனைவி இதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னாள். அவர் நெடுநேரம் அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார். மைக்கைத் தொடுவதற்கு முன்னால் சிலேட்டில் ஒரு சொல் எழுதி என்னிடம் காட்டினார். எனக்கு மனைவி தேவைப்படவில்லை. 'எர்த்' என்று எழுதியிருந்தார். எர்த் கம்பியை நட்டு, மண்ணில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருந்ததைக் காட்டினேன். ஸ்பீக்கரையும் ஒரு அடி திருப்பி வைத்திருந்தேன்.

மைக்கைப் பிடித்தார். கண்ணை மூடினார். "ஒன்" என்றார்.

கேட்டது. தேய்ந்த குரல்தான். ஆனாலும் குரல்.

"டூ. ஒன், டூ."

"அரோகரா!" என்று வீட்டுக்காரம்மா கத்தினார். கூட்டமும் சேர்ந்து கத்தியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் சத்தம் இருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த சத்தம். என் மனைவி அழுதுவிட்டாள். நானும்தான், மைக் ஸ்டாண்டைச் சரிசெய்வதுபோல குனிந்துகொண்டேன்.

பாட ஆரம்பித்தார். அந்தப் பாட்டுத்தான். நான் போனில் பத்துத் தடவை கேட்டிருந்தேன். வாத்தியம் ஒன்றும் இல்லாமல், மெதுவாக, வயலில் நடக்கிறவர் வரப்பில் கால் வைப்பதுபோலப் பார்த்துப் பார்த்து வைத்தார். கடைசி வரிக்கு வந்தார். குரல் படி ஏறியது. எனக்கு அடுத்தது என்ன என்று தெரியும். இப்போது அந்தக் கூச்சல் வர வேண்டும். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு துடித்தது, வெறும் காற்று. வாயை மூடித் தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டத்துக்கு என்ன தெரியும்? பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். பாட்டு நல்லபடியாக முடிந்தால் அங்கே என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். வெற்றிலை அம்மா உள்ளங்கையை வாய்க்கு மேலே வைத்து, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். அடுத்த நொடி நாற்பது பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வயல் தாண்டி அந்தப் பக்கத்துக் கண்மாய் வரை போயிருக்கும். கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது.

பாட்டில் கூச்சல் இருந்த அதே இடம். கொஞ்சம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

அவர் தலை நிமிர்ந்தது. இடதுபக்கம் சாய்ந்தது. குலவை அடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு விரலை உயர்த்தினார். யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர் கடைசி வரியை மட்டும் திரும்பப் பாடி, அந்த இடத்தில் நிறுத்தி, பெண்களைப் பார்த்தார். அவர்கள் போட்டார்கள், முதலில் போட்டதைவிடப் பலமாக. ஐந்து நிமிடம் ஆகிவிட்டது என்று என் மனைவி கடிகாரத்தைக் காட்டி மைக்கைப் பிடுங்கும்வரை நான்கு தடவை நடந்தது.

எப்போதும்போல என் மிக்ஸரில் செருகியிருந்த பென்டிரைவில் எல்லாம் பதிவாகியிருந்தது. திரும்பும் வழியில் அவர் சிலேட்டில் கேட்டார், அந்தச் சத்தம் என்ன, எப்போது போடுவார்கள் என்று. "நல்லது நடந்தா போடுவாங்க" என்றாள் மனைவி. அவர் அதைக் கேட்டுவிட்டு மேலூர் பஸ் ஸ்டாண்டு வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு எழுதினார்: 'வருகிறேன் என்று சிநேகிதர்களுக்குச் சொல்லப்போகிறேன். அந்தப் பதிவு எனக்கு வேண்டும். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு வாங்கித் தாருங்கள்.' மறுநாளே நான் போய்க் கேட்டேன். "சத்தந்தானே, எடுத்துக்கிறச் சொல்லு" என்றார் அந்த அம்மா.

பங்குனி கடைசியில் அவர் ஊருக்குப் போனார். திருப்பரங்குன்றத்தில் அவருக்கு அப்போது பெயர் மாறியிருந்தது, ஒன் டூ சாமி. சாமி இல்லை என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஆனால் பெயரை மட்டும் விடவில்லை. வீட்டுக்காரம்மா வழிக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார்.

ஆடி மாதம் என் மனைவியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கீழே ஒரு வரியும் இல்லை. பட்டப்பகல், ஒரு பெரிய மைதானம், கண்ணுக்கு எட்டிய தூரம் தலைகள். நடுவில் அவர், வெள்ளைத் தாடியோடு. பாட்டுக் கடைசி வரிக்கு ஏறுகிறது. கூட்டம் மொத்தமும் அந்தக் கூச்சலுக்காகக் கையை உயர்த்தி நிற்கிறது. அவர் வாயை மூடிக்கொள்கிறார். தலையை இடதுபக்கம் சாய்க்கிறார். ஒரு நொடி ஒன்றும் இல்லை. எனக்கு இங்கே அவனியாபுரத்தில் வேர்த்துவிட்டது. அடுத்த நொடி, அந்த மலைபோன்ற ஸ்பீக்கர்களிலிருந்து குலவை. மேலூர்ப் பொட்டல் குலவை, என் மைக்கில் எடுத்தது. கூட்டம் திகைத்து, பிறகு எழுப்பிய சத்தத்தில் வீடியோ எடுத்தவரின் போன் ஆடியது. அவர் விரலை உயர்த்துகிறார். அங்கே வீடியோ முடிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். வெற்றிலை அம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் வாங்கி, கடைசிவரை பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு வாயில வெத்தல கெடந்துச்சு" என்றார். "இல்லாட்டி இன்னும் கொஞ்சம் நீட்டிப் போட்டிருப்பேன்."

பிறகு போனை என்னிடம் நீட்டினார். "இன்னொருக்கா போடு தம்பி."

போட்டேன்.